கட்டுமாவடிக்குப் போகாத ரிப்போர்ட்

கிராமத்து கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தத்துக்கான ரிப்போர்ட்டை லேபிலிருந்து வாங்கி அந்தந்த கிளினிக்குக்குச் சேர்ப்பதுதான் அருணா வேலை பார்த்த சென்னைக் கம்பெனியின் மென்பொருள். அவள் திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அத்தனை சர்வர்களும் நலமாக இருக்கின்றனவா என்று ஒரே மதிப்பெண்ணில் காட்டும் திரையை அவள்தான் அமைத்திருந்தாள். அந்த மதிப்பெண் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

கட்டுமாவடி கிளினிக் நர்ஸ் சரண்யா புகார் சொல்லக் கூப்பிட்டபோது, ஒரே மாவட்டம் என்பதால் அழைப்பை அருணாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

"மேடம், எங்களுக்கு ரிப்போர்ட்டே வர மாட்டேங்குது. ஒரு காச்சக்கார அம்மாவோடதுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

அருணா திரையைப் பார்த்தாள். எங்கும் ஒரு பிழைகூட இல்லை.

"இங்கிட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு சிஸ்டர். ஒங்க நெட்டை ஒருதடவ பாத்துருங்க."

அடுத்த முறை சரண்யா கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது. அந்த அம்மா, கருவாடு விற்கும் மருதாயி, இறந்துபோயிருந்தார். காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனவர் அங்கேயே மயங்கி விழுந்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டெங்கு முற்றிவிட்டிருந்தது.

அருணா மருதாயியின் ரிப்போர்ட் போன வழியைத் தேடினாள். ரத்தம் எடுத்த அன்றைக்கே லேப் அதை அனுப்பியிருந்தது. தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதாக அதில் இருந்தது. ஆனால் கிளினிக்கின் கணக்கைப் புதிதாக மாற்றியபோது பழைய கணக்கை யாரும் மூடவில்லை. யாருமே திறக்காத அந்தப் பழைய கணக்கில் ரிப்போர்ட் போய் விழுந்திருந்தது. ஒவ்வொரு சர்வரும் தன் வேலை முடிந்தது என்று பதிந்திருந்தது. அனுப்பியதை மட்டுமே அவள் அளந்திருந்தாள். யாராவது படித்தார்களா என்று அளக்கவில்லை.

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் திரையில் புதிய அளவீடு ஒன்றைச் சேர்த்தாள். ரிப்போர்ட் தயாராகி எவ்வளவு நேரத்தில் நர்ஸ் அதைத் திறக்கிறார் என்பதுதான் அது. உடனே, ரிப்போர்ட் திறக்கப்படாமல் கிடந்த பல ஊர்கள் சிவப்பாகத் தெரிந்தன.

மேலாளர் வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சிக்கிக் கிடக்கிறதை எல்லாம் சரிபண்ணிடுவோம் அருணா. ஆனா இந்தப் புது அளவீட்டை மெயின் மதிப்பெண்ல சேக்காதீங்க. நர்ஸ் திறக்கலைன்னா அது நம்ம சிஸ்டத்தோட தப்பா?"

"திறக்கிற எடத்துக்கே போகல சார்."

"தனிப் பக்கமா வச்சுக்கங்க."

மறுநாள் அவள் அறந்தாங்கிக்குப் போய் பஸ் மாறிக் கட்டுமாவடிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சரண்யா அவளை மருதாயியின் மகன் மூக்கனிடம் கூட்டிப்போனாள். மொட்டைத் தலையோடு அவர் மீன் பெட்டியில் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை அருணா மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப ரிப்போர்ட்டு வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே. வேற எடத்துல கெடந்துச்சு."

"ஒங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுற மாதிரி நான் செய்யலண்ணே. சிஸ்டர் கூப்பிட்டப்பவும் நான் நம்பல."

மூக்கன் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஐஸ் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ஆத்தா அன்னைக்கிக் கஞ்சி குடிச்சுச்சு. தெம்பா இருக்குன்னு சொல்லுச்சு" என்றார். பிறகு பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே சரண்யா சொன்னாள்: "நான் வேலையை விடப்போறேன் மேடம். அந்த அம்மா வீட்டைத் தாண்டித்தான் தெனமும் வரணும்."



புதிய அளவீடு இன்றும் தனிப் பக்கத்தில்தான் இருக்கிறது. அருணாவைத் தவிர அதை யாரும் பார்ப்பதில்லை. தினமும் காலையில் சிவப்பாக இருக்கும் ஊர்களுக்கு அவளே போன் செய்து, ரிப்போர்ட் வந்ததா என்று கேட்கிறாள். சிலர் நன்றி சொல்கிறார்கள், சிலர் எரிந்து விழுகிறார்கள். கட்டுமாவடியில் இப்போது வேறொரு நர்ஸ் போனை எடுக்கிறார். சரண்யா எங்கே போனாள் என்று அவரைக் கேட்க அருணாவுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.