அழித்த வரிகள்

ராஜவேல் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் ஓர் ஆண்குரல் அவன் பெயரைச் சொன்னது. "அன்புள்ள ராஜவேலுக்கு."

ஏற்ற இறக்கமற்ற அந்தக் குரல் அம்மாவின் மடிக்கணினியுடையது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் அந்த மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. அம்மாவின் தோழி ஜான்சி போன மாதம் சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்து அதை நிறுவிக் கொடுத்தாள். கண்ணழுத்த நோயில் பார்வையின் பெரும்பகுதியை இழந்துவிட்ட அமராவதி, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்தோராண்டு தட்டச்சு செய்தவள். விரல்கள் எதையும் மறக்கவில்லை. அவள் அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் கணினி திரும்பச் சொல்லும். அழிக்கும் சொல்லையும் சொல்லித்தான் அழிக்கும். வீட்டில் ஆள் இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்வாள். எல்லோரும் போன பிறகு, காது வலிக்கிறதென்று கழற்றிவிடுவாள். குடிகாட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் தலைவலியால் பாதி ஷிப்டில் திரும்பிவிட்டது அவளுக்குத் தெரியாது.

கூப்பிட வாயெடுத்தவன் நின்றான்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஜான்சி வீட்டின் கீழ்ப்பகுதி காலியாக இருந்தது. அங்கே தனியாகப் போய் இருக்க அமராவதி விரும்பினாள். மூன்று முறை பேச்செடுத்தாள். கடைசியாக ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது.

"அங்க வுழுந்தா யாரும்மா தூக்குறது?"

"இங்க வுழுந்தப்ப யாருடா தூக்குன? நானேதான் எழுந்திரிச்சேன். நீ ஷிப்ட்டு, ஒம் பொண்டாட்டி ஸ்கூலு."

"சரி, அத அப்பறம் பேசலாம்."

"அப்பறம்னா எப்ப? காலண்டர்ல குறிச்சுக் குடு. கண்ணு தெரியாதவளுக்கு காலண்டர் எதுக்குன்னு கேக்காத."

அவன் மனைவி வெண்மதி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"பேசினால் நீ முடிக்க விடுவதில்லை. ஆகவே எழுதுகிறேன்" என்றது குரல். பிறகு, "கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுகிறாய்." அப்புறம் அதை அழித்தாள்; கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக, "பூட்டுகிறாய். வைத்துப். பீரோவில். கழற்றி. ரெகுலேட்டரைக். கேஸ்."

அடுத்த வரி: "குளியலறைத் தாழ்ப்பாளை நீ எடுத்த நாளிலிருந்து நான் அவசரமாகக் குளிக்கிறேன்." அதுவும் பின்னோக்கிப் போயிற்று. அவள் வழுக்கி விழுந்த அன்று மாலையே தாழ்ப்பாளைக் கழற்றியவன் அவன்தான். உடன் வேலை செய்பவர்களிடம் அதைச் சற்றுப் பெருமையாகவே சொல்லியிருந்தான்.

"இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை."

இந்த வரியை அவள் அழிக்கவில்லை.

வெளியே போய், கதவைச் சத்தமாகத் திறந்துகொண்டு மறுபடி வரலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் கைப்பிடியில் கை வைப்பதற்குள் குரல் இன்னொரு வரியையும் சொல்லி முடித்திருந்தது; அவன் அதைக் கவனிக்கவில்லை. "செய்தி அனுப்பப்பட்டது" என்றது குரல். அவனுடைய சட்டைப்பையில் கைப்பேசி மணியடித்தது. உள்ளங்கையால் அதை அழுத்தினான். அதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ராஜவேலு?"

"ம்."

"வந்து எந்நேரமாச்சு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். "அன்புள்ளன்னு ஆரம்பிச்ச பாரு, அப்பவே."

"அப்ப அழிச்சதும் காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சும்மா."

அவள் சுவரைத் தொட்டபடி அறை வாசல் வரை வந்தாள். "அதெல்லாம் ஒனக்கில்ல. அனுப்புனது மட்டுந்தான் ஒனக்கு. அதுக்கு பதில் எழுது."

"வாயாலயே சொல்றனே."

"வாயால சொன்னா அப்பறம்னுவ. எழுது."

அவன் கைப்பேசியைத் திறந்தான். வந்திருந்தவை நான்கே வரிகள். கடைசி வரியில், வரும் ஒன்றாம் தேதி சிதம்பரம் போவதாக இருந்தது. 'அம்மா' என்று அடித்தான். அழித்தான். 'தாழ்ப்பாளை' என்று தொடங்கி அதையும் அழித்தான். கைப்பேசி எதையும் சத்தமாகச் சொல்லவில்லை. அமராவதி தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதை அவன் பக்கமாக வைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.