சடங்குப் பெட்டி

வெள்ளைப் பெட்டியின் மூடியில் பொட்டு வைத்திருக்கிறார்கள், சந்தனத்தின் மேல் குங்குமம், நட்ட நடுவில், உள்ளே டிஸ்க் சுற்றுகிற இடத்துக்கு நேர் மேலே, தாம்பாளத்தில் அதற்கு இந்தப் பக்கம் ஒரு சீப்புப் பழம், அந்தப் பக்கம் பட்டுப்பாவாடை, ஜாய்ஸ்டிக் இரண்டும் பூச்சரத்துக்குள் சுருண்டு கிடக்கின்றன, மேளக்காரர் வாசிப்பை நிறுத்தாமலே கழுத்தை நீட்டிப் பார்க்கிறார், ராஜதுரை மாமா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் வருகிறார், கப்பலில் வேலை பார்ப்பவர், ஜப்பான்ல இருந்து நேரா வருது, தொடாத, தொடாத என்று பயல்களை முழங்கையால் விலக்கிக்கொண்டே வருகிறார், என் அக்கா சக்திகனி மஞ்சள் பூசிய முகத்தோடு மணையில் இருக்கிறாள், பதிமூன்று வயது, தலையைத் தூக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், தூக்கிவிட்டாள், மற்ற பெண்பிள்ளைகள் தாய்மாமன் சீராகக் கொலுசு கேட்பார்கள், வாட்ச் கேட்பார்கள், இவள் வீடியோ கேம் கேட்டாள், நீ என்ன கேட்டியோ அதுதான் மருமவளே, பாத்துக்க என்று மாமா தட்டை இறக்கி வைக்கிறார், பத்து வயதில் நான் அவள் பக்கத்தில் நின்று அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், தூத்துக்குடியில் இப்படி ஒரு சீர் யாரும் பார்த்ததில்லை, எனக்குப் பெருமையில் மூச்சு முட்டுகிறது.

அதே ரகத்துப் பெட்டி ஒன்று இப்போது என் மேசையில் கிடக்கிறது, மஞ்சளித்து, மூடியில் விரிசல் விழுந்து, நான் ஜப்பானில், சிபாவில் இருக்கிறேன், பழைய மின்சாமான் வந்து குவிகிற யார்டில், சொருகிப் பார்ப்பதுதான் என் வேலை, விளக்கு எரிந்தால் பச்சை ஸ்டிக்கர், விற்பனைக்கு, எரியாவிட்டால் சிவப்பு, அரவை மெஷினுக்கு, மூடி விரிசல் விட்ட வெள்ளை ரகம் மட்டும் எரிந்தாலும் சிவப்பு, வாங்க ஆளில்லை, மூன்று வருஷமாகச் சொருகுகிறேன், பிடுங்குகிறேன், ஒட்டுகிறேன், ஆனால் இந்த வெள்ளையை மட்டும் காலையில் இருந்து சொருகாமல் தள்ளித் தள்ளி வைக்கிறேன், ஏனென்றால் நேற்று அக்கா போனில் பேசினாள், ஏல, வர்ணிகா பெரிய பிள்ள ஆயிட்டா, பதினாறாம் நாள் சடங்கு, நீதான தாய்மாமன், லீவு போட்டுட்டு வந்திரு என்றாள், வாரேன் அக்கா, என்ன சீர் வேணும்னு பிள்ளைட்ட கேட்டியா என்றேன், அவள் சிரித்தாள், கேட்டேன், வீடியோ கேம் வேணுமாம், இந்த ரத்தம் எங்க இருந்து வருதோ, எது ஜெயிக்கும்னு பாத்து வாங்கிட்டு வா, உனக்குத்தான தெரியும் என்றாள், உனக்குத்தான என்ற அந்தச் சொல் நேற்றிலிருந்து காதுக்குள் முள்ளாகக் கிடக்கிறது, அவளிடம் பத்தொன்பது வருஷமாகச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் அவள் வாசலில் ஒரு தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எப்படிப் போய் நிற்பேன்.

சடங்குக்குப் பிறகு அக்கா தெருவில் இறங்கக் கூடாது என்றார்கள், கயிறு தாண்டியது, சைக்கிள் மிதித்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது, பையன்கள் வீட்டுக்குள் வருவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை, பொடிப்பயலுவதான என்று அம்மா விட்டுவிட்டாள், ஆகவே அந்தப் பெட்டிதான் அவளுக்குத் தெரு, முதல் மாதம் வாசலில் பதினெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது, அவள் சன்னல் வழியாக எண்ணுவாள், இன்னிக்கு இருபது ஏல என்று என் காதில் சொல்வாள், பெட்டியோடு வந்தது இரண்டே டிஸ்க், ஒன்றில் ஆட்கள் ஜப்பான் மொழியில் பேசிக்கொண்டே இருப்பார்கள், அக்கா அவர்களுக்குத் தமிழில் வசனம் வைப்பாள், ஏட்டி கருவாட்டுக் குழம்பு கரிஞ்சு போச்சு பாரு என்று ஒரு சாமுராய் சொல்வான், பயல்கள் உருண்டு சிரிப்பார்கள், இன்னொன்று கார், அந்தக் காரில் அவளை ஜெயிக்க ஒருவனும் இல்லை, விசைப்படகுக்காரர் மகன் ஜெர்வின், பன்னிரண்டு வயது, பயல்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன், ஒரே சாயங்காலத்தில் பதினொரு தடவை தோற்றான், பன்னிரண்டாவதிலும் தோற்று ஜாய்ஸ்டிக்கைத் தரையில் போட்டான், இவ வீட்டுப் பெட்டில இவதான் ஜெயிப்பா, வாங்கல போவோம் என்றான், அக்கா சிரித்துக்கொண்டே, ரொம்ப கோவம் வருது தொரைக்கு என்றாள், அந்தச் சிரிப்பைத்தான் அவன் மன்னிக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வேறொரு கம்பெனியின் கறுப்புப் பெட்டி வந்தது, எங்கள் பெட்டியைவிடப் படம் மங்கல், அதைக் கண் உள்ள எவனும் சொல்வான், ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிடி கடை வைத்திருந்த அமல்ராஜ் அண்ணனிடம் அதற்கு முந்நூறு டிஸ்க் இருந்தது, எங்கள் பெட்டிக்கு ஒன்றும் இல்லை, நானும் அக்காவுக்காகப் போய்க் கேட்டேன், தம்பி, ஒங்கது வெள்ளக் குதிர, பாக்க ராசா மாதிரி இருக்கும், தீவனம்தான் ஊருல கிடையாது, செஞ்சவனே செய்யறத நிப்பாட்டிட்டான் என்றார், மாமாவுக்கு அது தெரியாது, துறைமுகத்துக் கடையில் பளபளவென்று இருந்தது, வாங்கினார், நல்ல மெஷின் வேற, ஜெயிக்கிற மெஷின் வேற தம்பி, நாலு வீட்ல இருக்கிறதுதான் அஞ்சாவது வீட்டுக்கும் போகும் என்றார் அமல்ராஜ் அண்ணன், அதுகூடப் பரவாயில்லை, பத்துச் செருப்பாவது எங்கள் வாசலில் மிஞ்சியிருக்கும், ஆனால் ஜெர்வின் எங்கள் பெட்டிக்கு ஒரு பெயர் வைத்தான், சடங்குப் பெட்டி, ஏல மக்கா, சடங்குப் பெட்டில விளையாடாதீங்கல, விளையாண்டா உங்களுக்கும் தண்ணி ஊத்தி மணையில உக்கார வச்சிருவாங்க என்றான், அவ்வளவுதான், மறுநாள் ஏழு செருப்பு, அதற்கு மறுநாள் மூன்று, பிறகு என்னுடையது மட்டும், நான் வெளியே போனால் அதுவும் இல்லை.

அக்கா அழவில்லை, யோசித்தாள், ஏல, அவன் வீட்ல அப்படி என்ன இருக்கு என்று கேட்டாள், அங்க தோத்தவனும் அடுத்த ஆட்டம் ஜெயிச்சிருவான் அக்கா, மாறி மாறி ஜெயிப்பாங்க என்றேன், அவள் சடங்குக்கு வந்த மக்ரூன் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள், ஜெர்வினைக் கூப்பிட்டு வா, ஒரே ஒரு தடவ வரச் சொல்லு என்றாள், அவன் மக்ரூனைத் தின்றுகொண்டே வந்தான், கூட நாலு பேர், அன்றைக்கு அக்கா தோற்றாள், கடைசி வளைவில் அவள் கார் சுவரில் போய் முட்டியது, அந்த வளைவை அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள், நான் பார்த்திருக்கிறேன், ஐயோ போச்சே என்று தலையில் கை வைத்தாள், ஜெர்வின் எழுந்து ஆடினான், மறுநாள் எட்டுச் செருப்பு, அக்கா மறுபடி முட்டினாள், அதற்கு மறுநாள் பதினொன்று, ஒவ்வொரு நாளும் ஒரு புது மாதிரி தோற்றாள், தோற்பதிலும் அவள்தான் கெட்டிக்காரி, யாருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் ஏன் சொன்னேன் என்று இப்போதும் தேடுகிறேன், ஒரு நாள் ஆட்டம் முடிந்து பயல்களோடு தெருமுனைவரை போனபோது ஜெர்வின் என் தோளில் கை போட்டான், அதுவரை அவன் என் பெயரைக்கூடச் சொன்னதில்லை, அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டுமென்றால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, என்னிடம் வேறு எதுவும் இல்லை, எங்க அக்கா வேணும்னேதான் தோக்கா என்றேன், கை எடுபட்டது, முகம் இஞ்சி தின்றதுபோல் ஆனது, பொட்டச்சி எனக்குப் பிச்ச போடுதாளோ என்றான், மற்றவர்களைப் பார்த்தான், எல்லோரும் கேட்டுவிட்டார்கள், மறுநாள் நான் அவன் வீட்டு வாசலில் போய் நின்றபோது கேட்டைத் திறக்காமலே சொன்னான், அந்தப் பெட்டி உங்க வீட்ல இருக்குற வரைக்கும் நீ இங்க வராத, அத முடிச்சிட்டு வா, உனக்கு முதல் ஆட்டம் தாரேன்.

பகல் நாலு மணி இருக்கும், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் விழும் சத்தமும் அவள் முணுமுணுக்கும் பாட்டும் கேட்கிறது, சீர் தந்த அன்றைக்கே மாமா, ஜப்பான் கரண்டு நூறு வோல்ட்டு, நம்ம கரண்டு இருநூத்தி முப்பது, இந்தக் கன்வர்ட்டர் வழியாத்தான் சொருகணும், நேரா சொருகினா பெட்டி கருவாடு ஆயிரும் என்று ஒரு கனத்த இரும்புப் பெட்டியையும் சேர்த்துத் தந்திருந்தார், நான் கன்வர்ட்டரில் இருந்து அந்தத் தட்டைப் பின்னைப் பிடுங்குகிறேன், எந்தப் பின்னும் நிற்கிற எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுகிறேன், சுவிட்சில் விரல் வைத்துவிட்டேன், பாட்டு நிற்கட்டும், நின்றால் போடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்கிறேன், பாட்டு நிற்கவில்லை, டப் என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, மூடியின் இடுக்கில் இருந்து ஊதுவத்திபோல் ஒரு புகை, மறுபடி பின்னை எடுத்துக் கன்வர்ட்டரில் சொருகி வைத்தேன், சட்டையால் விசிறினேன், ஓடிவிட்டேன்.

அப்பா வந்து வாடை பிடித்தார், கடைசியா யாரு தொட்டா என்று கேட்டார், நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன், அக்கா ஈரத்தலையோடு நின்று, நான்தான்பா, மாத்திச் சொருகிட்டேன் என்றாள், கன்னத்தில் விழுந்த அறை எனக்குக் கேட்டது, பொட்டப்பிள்ள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான், நாளைல இருந்து அடுப்படியப் பாரு என்றார் அப்பா, குங்குமக் கறை போகாத அந்த மூடியோடு பெட்டி பரணுக்குப் போனது, நான் ஜெர்வின் வீட்டுக்குப் போனேன், முதல் ஆட்டம் தரவில்லை, ஏல கருவாடு, ஓரமா உக்காரு, வாடை அடிக்கி என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஓரமாக உட்கார்ந்தேன், இரண்டு வருஷம் போனது, அந்தக் கறுப்புப் பெட்டியையும் ஒருவனும் சீண்டவில்லை, எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, இந்த யார்டில் எனக்குத் தினமும் வருவது அந்தக் கறுப்புப் பெட்டிகள்தான், வெள்ளைகள் எப்போதாவது ஒன்று, ஜெயித்ததுதான் குவியல் குவியலாக வந்து சாகிறது.

இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் நானே கூப்பிட்டேன், அக்கா, அந்தப் பெட்டி என்று ஆரம்பித்தேன், எந்தப் பெட்டி என்றாள், நம்ம வெள்ளப் பெட்டி, அத நீ, அத நான் என்று குழறினேன், அவள் அரிசி களைகிற சத்தம் நின்றது, ஏல, எனக்குத் தெரியும் என்றாள், என்ன தெரியும் என்றேன், நீதான் நேரா சொருகினன்னு தெரியும், உன் சட்டைல கரிஞ்ச வாடை அடிச்சுது, அதத் தொவச்சது நாந்தான என்றாள், கோபமே இல்லாமல், சந்தைக்குப் போன விவரம் சொல்வதுபோல், பின்ன ஏன்க்கா அப்பாட்ட சொல்லல என்றேன், சொன்னா உன்னைய அடிப்பாவ, நீ என் கிட்ட வரமாட்ட, என் கூட விளையாட அந்த வீட்ல இருந்தது நீ ஒருத்தன்தான என்றாள், அரிசி களைகிற சத்தம் மறுபடி கேட்டது, நீ அப்பிடியும் வரலல்லா என்றாள், மன்னிச்சிரு என்ற சொல்லை நான் தேடி எடுப்பதற்குள் அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள், சரி, சீர் விஷயத்துக்கு வா, பிள்ள கேக்குறத வாங்கிட்டு வந்திரு, எல்லார் வீட்லயும் இருக்கிற மாதிரிக் கறுப்பே வாங்கு, ஒண்ணே ஒண்ணு, ஜாய்ஸ்டிக் ரெண்டு வேண்டாம், ஒண்ணு போதும் என்றாள், ஏன்க்கா, செட்டா வாங்கினா ரெண்டு வருமே என்றேன், வந்தா ஒண்ண அங்கயே போட்டுட்டு வா, ரெண்டு இருந்தா இன்னொருத்தரு வருவாங்கன்னு அவ வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா என்றாள், பருப்பு வைத்த குக்கர் விசில் அடித்தது, வச்சிருதேன் என்றாள்.

வெள்ளைப் பெட்டியை எடுத்து ஜாய்ஸ்டிக் இரண்டையும் மாட்டி மேசைத் திரையில் இணைத்தேன், உள்ளே யாரோ விட்டுப்போன டிஸ்க், பெட்டியோடு வந்த அதே கார், தட்டைப் பின்னை நேராகச் சுவரில் சொருகினேன், இங்கே கன்வர்ட்டர் வேண்டாம், இது இதன் ஊர், சுவிட்சைப் போட்டேன், டப் என்ற சத்தம் வரவில்லை, விளக்கு எரிந்தது, திரையில் இரண்டு வரி வந்தது, அக்கா எழுத்துத் தெரியாமல் எப்போதும் இரண்டாவதைத்தான் அழுத்துவாள், எனக்கு இப்போது படிக்கத் தெரியும், முதல் வரி ஒருவர், இரண்டாவது வரி இருவர், இரண்டாவதை அழுத்தினேன், இரண்டு கார்கள் வந்து கோட்டில் நின்றன, கொடி விழுந்தது, நான் எதையும் தொடவில்லை, இரண்டும் அப்படியே நின்றன, இடைவேளை முடிந்த மணி அடித்தது, பின்னைப் பிடுங்கினேன், சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து மூடியின் நட்ட நடுவில் வைத்தேன், விரலுக்கு அடியில் டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, பெட்டியைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, ஒயரைச் சுருட்டி, அரவைக்குப் போகிற பெல்ட் உயரத்தில் ஓடுகிறது என்பதால், தட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன்.