கையால் சொல்லும் நிறை

போனுக்குள் இருந்த பெண்பிள்ளை இன்னும் நேரே போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேரே ஒரு வேப்பமரம் நின்றது. பாதையின் நட்டநடுவில், இருபது வருச வளர்த்தியோடு. அதற்கப்பால் முள்ளுக்காடு. சனூன் பிரேக்கை மிதித்த மிதியில், பின் சீற்றில் றஹீமாவின் மடியில் கிடந்த வாப்பாவின் தலை ஒருதரம் உருண்டு நேரானது.

"இது றோட்டுத்தானே, ராத்தா. இந்தப் போன் படத்தில கீறியிருக்குதே," என்றான் தம்பி.

கீறித்தான் இருந்தது. தொண்ணூறில் புலிகள் முசலி முஸ்லிம் சனத்தை விரட்டுமுன் மாட்டுவண்டி போன பாதை. சனம் புத்தளத்து முகாம்களில் கிடந்த காலத்தில் காடு அதைத் தின்றுவிட்டது. படம் கீறியவருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மீளக் குடியேறி ஏழு வருசம். மன்னார் ஆஸ்பத்திரிக்குச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்று ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கிழமைக்கு இரண்டுதரம் பஸ்ஸில் போகிற றஹீமாவுக்குத் தெரியாதா?

கார் சந்தியில் இடப்பக்கம் ஒடிந்தபோதே அவள் வாயெடுத்தாள். அதற்கு முதலே வாப்பாவின் கை எழும்பி வலப்பக்கத்தைக் காட்டியது. "தம்பி" என்று அவள் தொடங்க, அதே கை இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடு, மகள்," என்றார் வாப்பா, மூச்சை எட்டிப் பிடித்து. "அவன் பைலட்."

கருவாட்டு யாவாரி காசிம்பாவா வாழ்நாளில் ஒரு தராசை நம்பியவரல்ல. சரக்கை உள்ளங்கையில் வைத்து இரண்டுதரம் எகிறவிட்டு நிறை சொல்வார். பிறகு தராசு அதைத் திருப்பிச் சொல்லும். சொல்லாவிட்டால் தராசில்தான் கோளாறு. தராசு முள்ளைப் பார்க்குமுன் அதைப் பிடிக்கிறவனின் முகத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுசன், முகாமில் பிறந்த மகன் வளைகுடா விமானக் கம்பனியொன்றில் துணை விமானியான பிறகு, அந்த ஒருத்தன் விசயத்தில் மட்டும் கையை மடக்கிக்கொண்டார்.

சனூன் கொழும்பில் வாடகைக்கு எடுத்த காரோடு முந்தநாள்தான் லீவில் வந்திருந்தான். பிளேன் இறக்கும் கணக்கையெல்லாம் மனசால் போடுவாயா என்று வாப்பா நேற்றுச் சோற்றுக்கு முன்னால் கேட்டார். பழைய கப்டன்மார் போடுவார்கள், எங்களுக்கு ஆப் இருக்கிறது என்றான் மகன். மேகத்துக்குள் போனால் கண்ணையும் காதையும் நம்பக் கூடாது, கருவியைத்தான் நம்ப வேண்டும், அதுதான் முதல் பாடம் என்றும் சொன்னான். வாப்பா கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்தார். இன்று விடிய சுபஹுத் தொழுகைக்குப் போன இடத்தில், மகனுடைய வேலை மனக்கணக்கே தேவைப்படாத அளவுக்குப் பெரியது என்று பள்ளிவாசல் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒன்பது மணிக்கு நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் சாய்ந்தார்.

காரைத் திருப்ப இடமில்லை. சந்தி மட்டும் பின்னுக்கே வரவேண்டியிருந்தது. சனூன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினான்; அவ்வளவு தூரமும் வாப்பாவின் முகம் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. பாதி வழியில் றஹீமாவின் மணிக்கட்டிலிருந்த பிடி விட்டுப்போனது. அவள் அவருடைய கண்ணிமைகளை மெல்ல இறக்கிவிட்டாள்.

சந்தியில் காரை நிறுத்தினான். போனைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம், ராத்தா?"

"வீட்டுக்கு," என்றாள்.

அசர்த் தொழுகைக்கு முன் அடக்குவதென்று பள்ளியில் முடிவாயிற்று. முற்றம் நிறைந்தது. பெண்கள் பக்கத்தில் அயல்வீட்டு மரியம் மாமிதான் முன்னால் இருந்தார். மகன் பக்கத்தில் இருக்க உயிர் போனது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றார். அதுவும் இப்படியொரு மகன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எவடத்தில வச்சு மௌத்தானவர், மகள்?"

ஜன்னலுக்கு வெளியே தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த சனூனின் கை அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில," என்றாள் றஹீமா.

ஆண்கள் வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். சனூன் முன்கால் ஒன்றுக்குத் தோள் கொடுத்திருந்தான். மையவாடிக்கு வழி அவனுக்குத் தெரியாது, கூட்டம் கொண்டுபோனது. கலிமாச் சத்தம் வேலிக்கப்பால் தேய்ந்து அடங்கியது.

அறைக்குள் வாப்பாவின் தராசுக்குப் பக்கத்தில் சனூனின் போன் மினுங்கியபடி கிடந்தது. வீட்டிலிருந்து ஒரு நீலக்கோடு புறப்பட்டு, சந்தியில் இடப்பக்கம் ஒடிந்து, வேப்பமரத்துக்குள்ளால் ஆஸ்பத்திரி வரை போனது. நாற்பத்தொரு நிமிசம் என்றிருந்தது. அதை எப்படி நிப்பாட்டுவதென்று றஹீமாவுக்குத் தெரியவில்லை.

எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இரண்டுதரம் மெல்ல எகிறவிட்டுப் பார்த்தாள்.

நூற்றைம்பது கிராமும் வராது.