ஒரு துணி குறைகிறது

கொமரலிங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குலதெய்வ முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவ வேண்டும் என்பது பனியன் ஏற்றுமதியாளர் தங்கராஜின் ஆசை. வாடகைக்கு வந்த ஹெலிகாப்டரின் பராமரிப்பு எஞ்சினியர் திருப்பூர் ராயபுரத்துப் பெண் கலைமகள் என்று தெரிந்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம மயில்சாமி பொண்ணுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மயில்சாமி பனியன் வேஸ்ட் வியாபாரி. இயந்திரம் துடைக்கிற கழிவுத் துணி அவர் குடோனிலிருந்து பல ஊர்களுக்குப் போகும்.

முந்தின நாள் மாலை, தென்னந்தோப்பை ஒட்டிய மைதானத்தில் கலைமகள் எஞ்சினின் ஆயில் ஃபில்டரை மாற்றினாள். அவள் ஏணியில் நிற்க, கீழே சொந்தபந்தம் திரண்டு நின்றது. ஒரு பெரியம்மா திருநீறு பூசியே தீருவேன் என்றாள். இரண்டு மாமன்மார் செல்ஃபிக்கு அழைத்தார்கள். எல்லோருக்கும் சிரித்தபடியே எஞ்சின் மூடியைப் பூட்டி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை கோபுரத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ரோஜா இதழ்க் கூடைகளை ஏற்றியாயிற்று. பைலட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். கருவிப் பையைக் கட்டப்போன கலைமகள் துடைக்கும் துணிகளை எண்ணினாள். எடுத்த துணி அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். முந்தின நாளே எண்ணியிருக்க வேண்டும். பையைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி எண்ணினாள். ஒன்று குறைந்தது. ஓடிப்போய் ஹெலிகாப்டருக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

தங்கராஜ் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னாச்சுங்க அம்மிணி?"

"ஒரு துணி கொறையுதுங்க. எஞ்சின்கிட்ட விட்டிருப்பேன்னு நெனைக்கிறேன். தெறந்து பாக்கோணுங்க."

"துணியா? திருப்பூர்க்காரங்க துணிக்குப் பயப்படலாமுங்களா? அங்க தீர்த்தக் கொடம் கோபுரத்து மேல ஏறியாச்சுங்க!"

மயில்சாமி மகளைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுதானே கண்ணு கொறையுது? நம்ம குடோன்ல மூட்டை மூட்டையாக் கெடக்குது. கார்லயே ரெண்டு துணி இருக்குது. எடுத்தாரட்டுமா?"

"அப்பா, எண்ணிக்கையைச் சரிக்கட்ட இல்லீங்கப்பா. அந்தத் துணியே வேணும்."

பைலட் அதற்குள் பெல்ட்டைக் கழற்றிக் கீழே இறங்கிவிட்டார். "நீ சொல்ற வரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்மா" என்று சொல்லித் தென்னை நிழலுக்குப் போய்விட்டார்.

கலைமகள் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தாள். கண்ணில் எதுவும் படவில்லை. விரல் நுனியில் டார்ச்சைப் பிடித்து, ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் துழாவினாள். துணி தோப்பில் எங்காவது விழுந்து கிடந்தால்? இத்தனை பேர் முன்னால் கோமாளி ஆகிவிடுவோமே என்று நினைத்தாள். உள்ளே இருந்தாலோ, தவறு அவளுடையதே. எது நடக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சினுக்குக் காற்று போகிற வாயின் ஓரத்தில், ஒரு குழாய்க்கு அடியில் அது சுருண்டு கிடந்தது. குழந்தைப் பனியனின் பாதி. இளஞ்சிவப்பில் ஒரு யானை சிரித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் வேகம் பிடித்திருந்தால் யானை உள்ளே போயிருக்கும். ஹெலிகாப்டர் கூட்டத்தின் தலைமேல் இறங்கியிருக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினாள்.

சென்னையிலிருந்த தலைமை எஞ்சினியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. வீடியோவில் மூலை முடுக்கெல்லாம் காட்டச் சொன்னார். பிறகு தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

அவள் மூலை முடுக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது கோயில் பக்கமிருந்து பெரும் கூச்சல் எழுந்தது. "கருடன்! கருடன்!" கோபுரத்துக்கு மேலே ஒரு கருடன் நிதானமாக வட்டமிட்டது. கலசத்தில் தீர்த்தம் விழ, கூட்டம் கைகளை உயர்த்தி அழுதது. தங்கராஜ் மைக்கை வாங்கினார். "ஹெலிகாப்டர் சத்தத்துல சாமி மெரண்டுறக் கூடாதுன்னுதானுங்க நான் நிறுத்தி வெச்சேன்!" கைதட்டல் அமராவதி ஆறு வரைக்கும் கேட்டிருக்கும்.

எஞ்சின் சரியாக ஓடுகிறது என்று உறுதியானபோது கும்பாபிஷேகம் முடிந்து அன்னதானம் ஆரம்பித்திருந்தது. வாங்கிய பூவை வீணாக்க மனமில்லாத தங்கராஜ், பறந்தே ஆக வேண்டும் என்றார். ஹெலிகாப்டர் எழும்பி ஒரு சுற்று வந்தது. வாடிய ரோஜா இதழ்களில் பாதி பந்தல்மேல் விழுந்தன. மீதி வெளியே உட்கார்ந்திருந்தவர்களின் சாம்பாரில் விழுந்தன. அண்ணாந்து பார்த்தவர்களைவிட இலையைக் கையால் மூடியவர்களே அதிகம்.

மாலையில் தலைமை எஞ்சினியர் கூப்பிட்டார். "நீயே கண்டுபிடிச்சு நிறுத்தினது பெரிய விஷயம். டிரெய்னிங்ல உன்னைத்தான் உதாரணமா சொல்லப் போறேன்."

"தேங்க்ஸ் சார்."

"விசாரணை முடியற வரைக்கும் நீ எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

"சரிங்க சார்."

"தங்கராஜ் இப்பத்தான் பேசினார். அவர் பொண்ணு கல்யாணத்துக்கும் ஹெலிகாப்டர் வேணுமாம். ஆனா கொஞ்சம் தைரியமான எஞ்சினியரா அனுப்பச் சொல்றார்."

அன்று முதல்முறையாகக் கலைமகளுக்குச் சிரிப்பு வந்தது. "அனுப்புங்க சார். வர்றவர்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஏணிப்பக்கம் சொந்தக்காரங்களை விடவே கூடாதுன்னு."