ஒரு கெட்டில் வெந்நீர்

கோயில் வாசற்படியில் நின்று சாவீனா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளைப் பாதிரியார் ஜெபம் சொல்லி அழைக்கும்வரை அவள் உள்ளே கால் வைக்கக்கூடாது. வாஸ்லூயிப் பக்கம் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். உள்ளே, ஞானத்தாய் புரோஃபிராவின் கையில் அவள் மகன். குறைமாதப் பிள்ளை, இப்போதுதான் மார்ச்சளி விட்டிருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் ஞானஸ்நானத்துக்காக அவனைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள்.

வெளியே முழங்கால் உயரம் பனி. கோயில்பிள்ளை ஹரலாம்பி நேற்றே கிணற்றில் இறைத்துத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டார், பெரிய சாதனைபோல. அதில் ஒரு கெட்டில் வெந்நீரை ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன மாமா, அவ்வளவுதானா?” என்றாள் சாவீனா வாசலிலிருந்து.

“கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கேன்மா. ஒரு கெட்டிலே போதும். இதுக்கு மேல சூட்டுக்கு நான் எங்கே போக?”

“கொதிச்சா மட்டும் போதுமா? ஒரு குளத்துத் தண்ணியில ஒரு கெட்டில் எந்த மூலைக்கு?”

புரோஃபிரா விரலை நனைத்து, வெடுக்கென்று எடுத்தாள். “ஐயோ, ஜில்லுனு இருக்கு! இன்னொரு கெட்டில் வைங்க.”

“அதான் அடுப்புல கொதிக்குதே. அதையும் ஊத்துனாப் போச்சு.”

“பத்து கெட்டில் ஊத்துங்க, தொட்டி வழியும்! முதல்ல பச்சைத்தண்ணியைக் குறைங்க!”

வாசலிலிருந்து சாவீனா சொன்னது யார் காதில் ஏறியது? பாதிரியார் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அவர் மந்திரித்துவிட்டால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. பிள்ளை லேசாக இருமினான்.

அவ்வளவுதான். சாவீனா படியைத் தாண்டினாள்.

“சாவீனா! உனக்கு இன்னும் ஜெபம் சொல்லலையே!”

“அப்புறமா திட்டுங்க ஃபாதர், வாங்கிக்கிறேன்.”

மூலையில் கிடந்த வாளியை எடுத்து மொண்டு மொண்டு பனியில் கொட்டினாள். முக்கால் தொட்டி காலியானது. அடுப்பிலிருந்த கெட்டிலைத் தூக்கி வந்து மெல்ல ஊற்றிக் கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்தாள். இதமான சூடு. ஈரக் கையோடு மறுபடி வாசலுக்கே போய் நின்றாள்.

பாதிரியார் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரை மந்திரித்து, பிள்ளையை இறக்கினார். அவன் அழவில்லை, கால்களை உதைத்துத் தண்ணீர் அடித்தான். சாவீனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஹரலாம்பி கெட்டிலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார்: “பாத்தியா! ஒரு கெட்டில் போதும்னு அப்பவே சொன்னேன்ல? இன்னும் மிச்சம்கூட இருக்கு!”