மூன்றாம் பெட்டியின் பேட்டரி

பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது நெவேனாவின் மூக்கில் அதன் தடம் சிவந்து கிடந்தது. ரயில் பெட்டியின் அடியிலிருந்து இழுத்து வைத்திருந்த பேட்டரியின் மூடிகளைச் சுற்றி வழக்கம்போல வெள்ளை உப்புப் பூத்திருந்தது. இந்த உப்பைத் துடைத்தே அவள் விரல்களில் ரேகை மழுங்கிவிட்டது.

"வோல்ட் நல்லாத்தானே காட்டுது, நெவேனாக்கா?" என்றான் ப்லமென். பணிமனை மேற்பார்வையாளன், அவளைவிட இளையவன்.

"சும்மா இருக்கறப்போ காட்டும். விளக்கெல்லாம் போட்டுப் பாரு, உக்காந்துரும்."

பேட்டரிக்குள் இருக்கும் நிக்கல் தகடுகள் இன்னும் சாகவில்லை என்று அவளுக்குத் தெரியும். காற்றைக் குடித்துக் குடித்துக் கெட்டுப்போன காரக்கரைசலை மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் மின்சாரத்தை முழுக்க வடியவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டு முறை அப்படிச் செய்தால் எழுந்து நிற்கும். ஆனால் அதற்கு இரண்டு நாள் பெட்டி நிற்க வேண்டும் என்றாள்.

"சாயங்கால வண்டிக்கு வேற பெட்டிக்கு எங்க போவேன்?" என்றான் ப்லமென். "மரத்துலயா காய்க்குது? போன வாரமும் இதத்தான் சொன்ன. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே!"

ஒன்றும் ஆகவில்லைதான். அதுதான் அவளை ஓயவைத்தது. ஏதாவது ஆகும்வரை அவள் பேச்சு வெறும் புலம்பல். பேட்டரியைத் திரும்ப உள்ளே தள்ளி, தாழ் போட்டாள்.

கை கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வீட்டுக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. அதைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தாள். சாயங்கால வண்டியில், அந்தப் பேட்டரி இருந்த மூன்றாம் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கணவனுக்குப் போன் செய்தாள்.

"பீன்ஸ் சூப் ஆறுது. நீ மலைக்கா போற? அந்தப் பெட்டிய என்ன நீயா பெத்த?" என்றான் கிரில்.

"மூடி வை. வந்துடறேன்."

மலையேறிய வண்டி சுரங்கத்துக்குள் நின்றது. மேல்கம்பியில் மின்சாரம் போய்விட்டது. சூடாக்கியின் இரைச்சல் அடங்க, பெட்டி முழுக்கத் திடீரென்று மனிதர்களின் மூச்சு கேட்டது. குண்டு பல்புகள் ஒருமுறை மங்கி, பேட்டரிக்கு மாறி நிலைத்தன.

நெவேனா எழுந்துபோய் கண்டக்டரைப் பிடித்தாள். "பாதி விளக்க அணைச்சிரு தம்பி. இப்பவே."

"எரியுதே அக்கா. ஏன்?"

"எரியறதாலதான் சொல்றேன். எல்லாத்தையும் எரிச்சா சீக்கிரம் மொத்தமா போயிரும். ஆளுங்களை இறக்க வேண்டி வந்தா, தண்டவாளக் கல்லுல, இருட்டுல எப்படி இறக்குவ?"

அவன் அவளுடைய பணிமனைச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றுவிட்டு ஒன்றாக அணைத்தான். முணுமுணுப்பு கிளம்பியது. "டிக்கெட்ல பாதிக் காசத் திருப்பித் தருவீங்களா?" என்றார் மீசைக்காரர் ஒருவர். சிலர் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. உதடுவரை வந்து நின்றுவிட்டது.

"பையெல்லாம் எடுத்துக் கையில வச்சுக்குங்க," என்றாள்.

தலைக்கு மேலிருந்த பல்பு வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, தேநீர் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு பெண் மடியில் காகிதம் விரித்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டையும் பருப்பையும் பிரித்தறிய ஒவ்வொன்றையும் முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, விரலால் தடவித் தடவி, கிடைத்த பருப்பில் ஒன்றை இருட்டினூடே நெவேனாவிடம் நீட்டினாள்.