எண்ணத் தோன்றாத தலைகள்

வருடத்தில் ஒருநாள், இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் ஜனவரி ஆறாம் தேதி, மின்நிலையத்தின் இயந்திரங்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். அணைக்குக் கீழே ஆறு வடியும். பல்கேரிய மலைகளில் ஜனவரித் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். ஆனாலும் ஆண்கள் அதில் இறங்கிக் கைகோத்து ஆடுவார்கள். பிறகு பாதிரியார் மரச்சிலுவையை எறிவார்; பாய்ந்து எடுப்பார்கள். எடுத்ததும் தேவாலய மணி அடிக்கும். மணி கேட்டால் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் டோப்ரின் எச்சரிக்கைச் சங்கு ஊதி, பத்து நிமிடம் பொறுத்து, இயந்திரத்தை ஓட்டுவான்; அணைத் தண்ணீர் ஆற்றுக்குள் பாயும். மணி அடித்தால் எல்லோரும் கரையேறிப் பிராந்தியைத் தேடி ஓடிவிடுவார்கள் என்பது ஊரின் கணக்கு. இருபது வருடம் அது தப்பியதில்லை.

போன வருடம் சிலுவையை எடுத்தது அவன் தம்பி ஸ்பாஸ். முதல் தடவை. சந்தோஷம் தாளாமல் தண்ணீரிலேயே இன்னொரு ஆட்டம் போட்டார்கள். முரசுச் சத்தத்தில் சங்கு யார் காதிலும் விழவில்லை. வெள்ளம் வந்தபோது மற்றவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கரையேறினார்கள். வரிசையின் கடைசியில் நின்ற ஸ்பாஸ் ஒரு கையில் சிலுவை வைத்திருந்தான். பாவி, அதைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்திருக்கக் கூடாதா?

டோப்ரின்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். தம்பி மனைவி நெதெல்யாவுக்கும் அவனுக்கும் ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. ஒரு வருடமாகப் பேச்சில்லை.

இந்த வருடமும் மணி அடித்தது. டோப்ரின் சங்கு ஊதினான். பத்து நிமிடம் போயிற்று, இருபதும் போயிற்று. பொத்தான்மேல் வைத்த விரல் அமுங்கவில்லை.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா? மேலிடத்துல கத்துறாங்க" என்றான் கூட வேலை பார்க்கும் ரூமென்.

"நீ அமுக்கேன்."

"நானா? ஆளை விடுங்க சாமி."

போன் அடித்தது. நெதெல்யா.

"அத்தான், ஆத்தங்கரையிலதான் நிக்கிறேன்."

"சொல்லும்மா."

"இறங்கினது பதினாலு பேர். பதினாலும் ஏறியாச்சு. அந்தக் குடிகாரன் வெலிஸார் மறுபடி இறங்கப் பாத்தான். முதுகுல ரெண்டு போட்டு உக்கார வெச்சிருக்கேன். தண்ணிய விடுங்க."

மறுபடி சங்கு ஊதிவிட்டு அமுக்கினான். தரை அதிர்ந்தது.

"நெதெல்யா, என்னை மன்னிச்..."

"போன வருஷமும் இதே கரையிலதான் நின்னேன், அத்தான்" என்றாள். "எண்ணத் தோணலையே எனக்கு."

அழுதாள். அவனும் அழுதான். தண்ணீர் அவள் காலடிக்கு வந்துசேரும்வரை இருவருமே போனை வைக்கவில்லை.